அரக்கி நடத்திய காப்பிக் கடை

ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகள் என்ன பேசுவார்கள் தெரியுமா? சாவைப் பற்றியும் சாமியைப் பற்றியும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து என் வயதில் பெரும்பகுதியை நைட் டூட்டியிலேயே கழித்தவள் நான். என் காதில் விழுந்த பேச்சு வேறு. "மாட்டுக்கு யாராச்சும் தண்ணி காட்டிருப்பாங்களா சிஸ்டர்?" "நாளைக்கு இட்லிக்கு மாவு அரைச்சிருப்பாளோ என்னமோ." மறுநாள் காலை பெரிய ஆபரேஷனுக்குப் போகவிருந்த ஒரு அம்மாள், மொட்டைமாடித் தொட்டியில் இருந்த மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று விடியும்வரை அரற்றிக்கொண்டிருந்தார். வலி கூடக்கூட மனசு அடுப்படிக்கும் தொழுவத்துக்கும்தான் ஓடுகிறது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பிறகு, அந்தப் பேச்சுக்கு உட்கார்ந்து பதில் சொல்வதும் என் வேலையில் ஒரு பங்கு என்று புரிந்துகொண்டேன். செடிக்கு என்ன பெயர், எத்தனை பூ பூக்கும் என்று கேட்டால் போதும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும்.

இதையெல்லாம் இப்போது நினைப்பதற்குக் காரணம் நான் படிக்கும் கதைகள். இளவயதில் என் வாசிப்பு வேறு மாதிரி இருந்தது. படித்து முடித்தால் இரண்டு நாளாவது சோறு இறங்கக் கூடாது, அதுதான் நாவல் என்று உறுதியாக நம்பிய வயது அது. பஞ்சம், பிரிவு, துரோகம் எல்லாம் வேண்டும். நூலகத்திலிருந்து அப்படித் தேடித்தேடி எடுத்துவருவேன். அந்தப் புத்தகங்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. மனிதர்கள் எதையெல்லாம் தாங்குவார்கள் என்று அவற்றில் படித்த பிறகுதான் வார்டில் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடை விடுமுறையில் பேத்தி விட்டுவிட்டுப் போன ஒரு ஆங்கிலப் புத்தகம், வேறொரு கதவைத் திறந்துவிட்டது. அட்டையில் வாள்வீச்சுக்குப் பழகிய தோள்களோடு ஒரு அரக்கி. கதையோ, அவள் காப்பிக் கடை வைப்பது.

அமெரிக்காவில் ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட டிராவிஸ் பால்ட்ரீ என்பவர் எழுதிய 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' அது. 2021 நவம்பரில், ஒரு மாதத்துக்குள் நாவல் எழுதிப் பார்க்கும் சவாலுக்காக எழுத ஆரம்பித்ததாம். 2022 பிப்ரவரியில் சொந்தமாகவே வெளியிட்டார். வாய்வழிப் பேச்சிலேயே அது பரவி, அதே ஆண்டின் கடைசியில் டார் பதிப்பகம் எடுத்துப் போட்டது. மறு ஆண்டு ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. உலகமே கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கி, அப்போதுதான் மெல்ல வெளியே எட்டிப் பார்த்த நேரம். ராஜ்யத்தைக் காப்பாற்றுவதோ இருளின் அரசனை அழிப்பதோ கதையில் இல்லை. ஓர்க் என்கிற முரட்டு இனத்தைச் சேர்ந்த விவ், கூலிக்குச் சண்டை போட்டுப் போட்டு அலுத்து, வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, தூன் என்ற ஊரில் ஒரு பழைய குதிரை லாயத்தை விலைக்கு வாங்குகிறாள். அந்த ஊரில் காப்பி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. கடை பிழைக்குமா என்பதுதான் முழுக்கதையும்.

அந்தப் புத்தகத்தை நான் முழுதாக அறிந்துகொண்டது என் பெரியக்காவுக்குச் சொன்னபோதுதான். தென்காசியில் சாரல் தொடங்கிய ஒரு ஆனி மாதம் அக்கா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலோடு கிடப்பதுதான் அவளால் ஆகாத காரியம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக் கடை போட்டு, தங்கைகள் எங்கள் இருவரையும் படிக்கவைத்தவள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டி.வி. வேண்டாம் என்றாள். பிள்ளைகள் ஃபோனில் பக்திப் பாட்டு போட்டுக் கொடுத்தால், அணைத்து வைத்துவிடுவாள். எனக்கும் வார்டுப் பழக்கம் விட்டுப்போகவில்லை, அந்நேரத்தில் விழிப்பு வந்துவிடும். அப்படித்தான் ஒருநாள், படித்துக்கொண்டிருந்த கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பக்கம் பக்கமாகப் பார்த்து, வாயில் வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

அரக்கி காப்பிக் கடை வைக்கிறாள் என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "வாடகையா, சொந்த இடமா?"

சொந்த இடம் என்றேன். நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கதையை நடத்தியது அவள்தான். தச்சனுக்கு என்ன கூலி பேசினாள், அடுப்பு எந்தப் பக்கம் வைத்தாள், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றையும் கேட்டாள். கால் என்ற பேச்சுக் குறைந்த தச்சனை அவளுக்கு உடனே பிடித்துப்போனது. கடை திறந்த அன்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று நான் வருத்தத்தோடு சொன்னால், அக்கா அசரவில்லை. "ஏட்டி, மொத நாளு எவனும் வரமாட்டான். தெரியாத சாமானுக்கு எவன் துட்டு குடுப்பான்? ஓசியா ஆளுக்கு ஒரு வாய் குடுக்கச் சொல்லு அந்தப் புள்ளய." கதையிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. உதவிக்கு வேலைக்குச் சேரும் தாண்ட்ரி என்ற பெண் அந்த யோசனையைச் சொல்கிறாள். அக்கா தன் யோசனையை யாரோ தூர தேசத்தில் மதித்து அச்சில் போட்டுவிட்டதுபோல மகிழ்ந்தாள்.

தாண்ட்ரி பிறப்பால் மோகினி இனம். ஆகவே ஆண்களை மயக்கத்தான் வந்திருப்பாள் என்று ஊரே அவளைச் சந்தேகிக்கிறது. அவளோ கணக்கு எழுதவும் கரும்பலகையில் அழகாகச் சித்திரம் போடவும் தெரிந்த, கண்ணியமான பெண். இந்த இடத்தைச் சொன்னபோது அக்கா வெகுநேரம் பேசவில்லை. தனியாகக் கடை நடத்திய பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசியது என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் வாயால் கேட்டதில்லை. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. "அந்த அரக்கி அவள நம்புனாள்லா, அது போதும்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு திம்பிள் வருகிறான். எலியைப் போன்ற சின்னஞ்சிறு உருவம், வெட்கம், பேச்சே வராது, ஆனால் ரொட்டி சுடுவதில் மன்னன். பட்டைத் தூள் போட்ட சுருள் ரொட்டியை அவன் சுட்டு எடுத்ததும் தெருவே மணக்கிறது, கூட்டம் வரிசையில் நிற்கிறது. பிரியாணிக்குப் போடும் பட்டையை இனிப்பு ரொட்டிக்குப் போடுவார்களா என்று அக்காவுக்குச் சந்தேகம். மறுநாளே மருமகளிடம் சொல்லி, கோதுமை மாவில் வெல்லமும் பட்டைத் தூளும் வைத்துச் சுருட்டிச் சுடச் சொன்னாள். விழுந்ததிலிருந்து அவளாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் பலகாரம் அது. நர்ஸாக இருந்தவளுக்கு இது சின்னச் செய்தி இல்லை. வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் எலும்பு கூடுவது ஒரு பங்கு என்றால், சாப்பாட்டின் மேலும் நாளையின் மேலும் ஆசை திரும்புவது மறு பங்கு. அது திரும்பாமல், எலும்பு நன்றாகக் கூடியும் எழுந்திருக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாமூல் கேட்டு ஆள் வரும் அத்தியாயத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார முயன்றாள். ஊரில் கடை வைத்தால் மாட்ரிகல் என்கிற ஆளுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். வாளை மறுபடி கையில் எடுக்கலாம், எடுத்தால் விவ்தான் ஜெயிப்பாள். ஆனால் அப்படி எடுத்துவிட்டால் பழைய வாழ்க்கை திரும்ப வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அந்த மாட்ரிகல் ஒரு மூதாட்டி என்று தெரிய, நேரில் பேசி, பணத்துக்குப் பதில் வாராவாரம் சுருள் ரொட்டி கொடுப்பது என்று முடிவாகிறது. படித்தவர்கள் இதை நடக்காத கதை என்பார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவள் கடைக்கும் அப்படி ஒருவன் வந்து நின்ற கதையை அன்றுதான் சொன்னாள். துட்டு தரமுடியாது, பசித்தால் வந்து உட்கார் என்று சொல்லி இலை போட்டாளாம். நெடுநாள் சாப்பிட்டானாம். அவன் அம்மா இறந்த அன்று முதலில் இவளிடம்தான் வந்து அழுதானாம்.

கடைசியில் கடை தீப்பிடித்து எரிகிறது. பழைய கூட்டாளி ஒருவன், விவ் தன் அதிர்ஷ்டத்துக்காகத் தரையடியில் புதைத்து வைத்திருந்த மாயக் கல்லைத் திருட வந்து வைத்த தீ. காப்பி எந்திரம் உருகிப்போகிறது, கூரை விழுகிறது, சேர்த்த பணம் போகிறது. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் கட்டிலில் கிடப்பவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தயக்கம். அக்கா விடவில்லை. "யாரு யாரு வந்தா, அதச் சொல்லு" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் இந்தவகைக் கதைகளின் உயிரே இருக்கிறது என்று எனக்குப்பட்டது. இழப்பு இல்லாததால் இவை ஆறுதல் தருவதில்லை. இழப்புக்கு மறுநாள் காலையில் யார் வருகிறார்கள் என்பதை அவசரப்படாமல், பக்கக் கணக்குப் பார்க்காமல் சொல்வதால் தருகின்றன. தச்சன் வருகிறான். தாண்ட்ரி போகவே இல்லை. காப்பி குடிக்க வந்து பழகியவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுக்கிறார்கள். அதிர்ஷ்டக் கல் போய்விட்டது, ஆனால் கல் சேர்த்துக் கொடுத்ததாக விவ் நினைத்திருந்த மனிதர்கள் அங்கேயே நிற்கிறார்கள். பெரும் காவியங்களில் ஒரு நகரம் எரிந்தால் அடுத்த காண்டம் போருக்குப் போய்விடும். சாம்பலைக் கூட்டி அள்ளியது யார், புதுக் கதவுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று அங்கே எழுத இடம் இல்லை. வாழ்க்கையில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பங்கோ அந்தச் சாம்பலும் மரமும்தான்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், இந்த வயதில் பேய் பூதக் கதையா, தேவாரம் திருவாசகம் படிக்கலாமே, இது வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவதல்லவா என்று அன்போடுதான் கேட்டார். திருவாசகமும் இந்த வீட்டில் படிக்கிறோம். தப்பித்தல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் இருப்பவன் வெளியேறத் துடிப்பதையும், போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது என்பது அவர் வாதம். களம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 1916-ல், இருபத்து நான்கு வயதில், பிரான்சின் ஸோம் போர்முனையில் இருந்தவர். பள்ளிநாள் முதல் கூடவே இருந்த நெருங்கிய நண்பர்கள் மூவரில் இருவரை அந்த ஒரே ஆண்டில் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர்தான் 1937-ல் வெளியான 'ஹாபிட்' நாவலில், உணவறை நிறையப் பண்டமும் அடுப்பில் கொதிக்கும் கெண்டியுமாக, மண்ணுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார். வீட்டின் அருமையை எழுத அவரைவிடத் தகுதி யாருக்கு உண்டு?

பின்லாந்தின் டூவே யான்சன் கதையும் அதுதான். 1939 குளிர்காலத்தில் சோவியத் படை அவருடைய நாட்டுக்குள் புகுந்தது, ஹெல்சிங்கியில் குண்டு விழுந்தது. ஓவியரான அவருக்குப் படம் வரைவதே அர்த்தமற்றுப்போன அந்த நாட்களில், காணாமல்போன அப்பாவைத் தேடிப் போகும் ஒரு அம்மாவையும் குழந்தையையும் பற்றிக் கதை எழுத ஆரம்பித்தார். கொழுகொழுவென்று நீர்யானைக் குட்டி போன்ற மூக்குடைய மூமின்கள் அப்படித்தான் பிறந்தார்கள். முதல் புத்தகம் போர் முடிந்த 1945-ல் வந்தது. மூமின் அம்மாவின் கையில் எப்போதும் ஒரு கைப்பை இருக்கும். வழியில் யார் வந்து சேர்ந்தாலும் அவர்களுக்கும் சாப்பாடும் படுக்கையும் உண்டு. குண்டுச் சத்தத்தின் நடுவே ஒருத்தி உட்கார்ந்து அந்தக் கைப்பையைக் கற்பனை செய்ததை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குச் சொந்தமாகப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டயானா வின் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1986-ல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'. ஜப்பானின் மியாசாகி 2004-ல் அதைப் படமாக எடுத்ததால் பேரப்பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தொப்பிக் கடையில் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கும் சோபி, மூன்று பெண்களில் மூத்தவள். மூத்தவளாகப் பிறந்தால் எதுவும் விளங்காது என்பது அந்த நாட்டு நம்பிக்கை. ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். இங்கேதான் அந்த எழுத்தாளரின் மேதைமை. கிழவியான பிறகு சோபிக்குப் பயம் விட்டுப்போகிறது. மந்திரவாதியின் கோட்டைக்குள் அழைப்பில்லாமல் நுழைந்து, துடைப்பத்தை எடுத்துப் பல வருஷத்து ஒட்டடையைக் கூட்டித் தள்ளுகிறாள். மந்திரவாதியையே அதட்டுகிறாள். அடுப்புக்குள் இருக்கும் தீப்பூதத்தை மிரட்டி, அதன் தலையில் சட்டி வைத்துச் சமைக்கிறாள். முட்டிவலியும் மூச்சிரைப்பும் அப்படியே உண்டு, அதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. முதுமையைச் சாபமாக எழுதத் தொடங்கி, அதற்குள்ளேயே இத்தனை விடுதலையைக் காட்டிய புத்தகத்தை நான் வேறு பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள். மூத்தவளின் கதையை அக்காவுக்குச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தவகையில் வருவதெல்லாம் நல்ல புத்தகம் என்று சொல்லமாட்டேன். காப்பிக் கடையை எழுதிய கை நன்றாகச் சம்பாதித்ததைப் பார்த்து, தேநீர்க் கடை, புத்தகக் கடை, பூக்கடை என்று நிறைய வருகின்றன. முதல் பக்கத்திலிருந்து எல்லாரும் எல்லாருக்கும் நல்லவர்களாக இருக்கும் கதையில் எனக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. யாராவது உழைக்க வேண்டும். கடன் இருக்க வேண்டும். பிடிவாதக்காரன் ஒருத்தன் இருந்து, மெதுவாகக் கனிய வேண்டும். டி.ஜே. க்ளூன் 2020-ல் எழுதிய 'தி ஹவுஸ் இன் த செருலியன் ஸீ' நாவலில் லைனஸ் பேக்கர் என்ற நாற்பது வயது அரசாங்க அலுவலர் அப்படி ஒரு ஆள். மாயசக்தி உள்ள குழந்தைகளின் விடுதிகளை ஆய்வு செய்து, விதிப்புத்தகம் பார்த்து அறிக்கை எழுதுவதே அவர் உத்தியோகம். தீவொன்றில் இருக்கும் ஆறு குழந்தைகளைச் சோதிக்கப் போகிறார். அதில் ஒன்று சாத்தானின் மகன். இன்னொன்று, எலும்பே இல்லாத பச்சைக் களி மாதிரியான சான்ஸி. ஓட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்க வேண்டும், அவ்வளவுதான் சான்ஸியின் வாழ்நாள் ஆசை. விதிப்புத்தகத்தை நம்பி நேர்மையாக வேலை பார்த்த மனிதர், அதில் இந்தக் குழந்தைகளுக்கு இடமில்லை என்று உணர்ந்து மாறுவதற்கு ஒரு முழு மாதம் ஆகிறது. அந்த மாதத்தை அவசரப்படுத்தாமல் எழுதியிருப்பதால்தான் நம்ப முடிகிறது. அரசாங்க வேலையில் இருந்த எனக்கு, ரெஜிஸ்டரில் கட்டம் இல்லாத துயரத்தோடு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள்.

மூமின் வரிசையின் கடைசி நாவல் 1970-ல் வந்தது. யான்சனின் அம்மா இறந்த ஆண்டு அது. அந்தப் புத்தகம் முழுக்க மூமின் குடும்பமே இல்லை. இலையுதிர்கால முடிவில், குளிர் இறங்கும் நவம்பரில், மூமின் அம்மாவின் அரவணைப்பைத் தேடி ஆறு பேர் தனித்தனியாக அந்த வீட்டுக்கு வருகிறார்கள். வீடு காலி. போகவும் மனமில்லாமல், ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு, சமைத்து, துடைத்து, விருந்து வைத்து, அவள் இல்லாத வீட்டில் காத்திருக்கிறார்கள். அம்மாவை இழந்த மகள் இப்படி ஒரு புத்தகம் எழுதினாள் என்றால், ஆறுதல் கதை எழுதுகிறவர்களுக்குத் துயரம் தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அதை மட்டும் நான் தனியாக, மெதுவாகப் படித்தேன். எங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு பை இருந்தது. சுருக்குப்பை, அதற்குள் வெற்றிலையோடு எங்களுக்கென்று எப்போதும் ஏதாவது இருக்கும்.

அக்கா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை போய்வருகிறாள். மூட்டுக்கு வலு வர டாக்டர் சொன்ன பயிற்சியை முகம் சுளித்துக்கொண்டே செய்கிறாள். விடியற்காலைக் கதை நிற்கவில்லை. பால்ட்ரீ 2023-ல் எழுதிய 'புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பிக் கடைக்கு வெகு வருஷம் முன்னால், விவ் இளம் முரடியாக இருந்த காலத்துக் கதை. சண்டையில் கால் பிளந்து, கூட்டாளிகள் அவளை மர்க் என்ற கடலோரச் சிற்றூரில் குணமாக விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படுக்கை முள்ளாகக் குத்துகிறது. காயம் ஆறுமுன்னே எழுந்து நடக்கிறாள், தையல் பிரிந்துவிடுமோ என்று நமக்குத்தான் பதைக்கிறது. ஊன்றுகோலோடு ஒரு நலிந்த புத்தகக் கடைக்குள் நுழைகிறாள், ஃபெர்ன் என்ற கடைக்காரி அவள் கையில் ஒரு நாவலைத் திணிக்கிறாள். நேற்று அதுவரை வந்திருக்கிறோம்.

"நடக்க அவசரப்படாதன்னு அவகிட்ட சொல்லு" என்றாள் அக்கா. "வேலக்கி அப்புறம் போய்க்கலாம். குடுத்த பொஸ்தகத்தப் படிக்கட்டும் மொதல்ல."